செம்மண், உப்புக்காற்று, முள்: கடலூரில் ஒரு மவுண்டன் பைக் படும் பாடு

கடலூரில் இருந்துகொண்டு மவுண்டன் பைக் வாங்கினால் முதலில் வரும் கேள்வி, "இங்க மலை எங்க இருக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஊரை ஒட்டிய கேப்பர் மலை பெயருக்குத்தான் மலை. பார்த்தால் நீளமாகக் கிடக்கும் ஒரு செம்மண் மேடு. நிஜமான பாறைக் குன்று வேண்டுமென்றால் செஞ்சிப் பக்கம் போக வேண்டும். ஆனாலும் சில வருடங்களாக இந்த வண்டியை ஓட்டி, பழுது பார்த்து, பாகம் மாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்: நம் பக்கத்தில் இந்த சைக்கிளுக்குச் சோதனை வைப்பவை முள்ளும் உப்புக்காற்றும் செம்மண் தூசியும்தான். ஏற்றம் நான்காவதாகத்தான் வரும். வாங்குகிறவர் எதில் பணம் போட வேண்டும் என்ற கணக்கே இதனால் மாறிவிடுகிறது.

என்னுடையது அலுமினிய ஃபிரேம், 29 இஞ்ச் சக்கரம், முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் 100 மி.மீ. வரை அமுங்கும், உள்ளே காயில் ஸ்பிரிங். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். முன்னால் 32 பல் உள்ள ஒரே பல்சக்கரம், பின்னால் 10 கியர், 11 பல்லிலிருந்து 46 பல் வரை அடுக்கிய கேசட். கம்பெனி எது என்பது இந்தக் கதைக்கு முக்கியமில்லை. இதே விலையில் யார் செய்த வண்டி வாங்கினாலும் ஏறக்குறைய இதே பாகங்கள்தான் வரும்.

வாராவாரம் ஓட்டுவது கேப்பர் மலையில். மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலக்கரையைப் பிடித்து திருவந்திபுரம் வரை தார் ரோடு. தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி, மேலே ஹயக்ரீவர். விடிகாலையில் கல்யாணக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும். முகூர்த்த நாளில் அந்தத் தெருவில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க முடியும். கோயிலைத் தாண்டி மேட்டில் ஏறினால் வெள்ளக்கரை, ராமாபுரம் பக்கம் வாழையும் முந்திரியும். இந்தத் தோப்புகளுக்கு இடையே போகும் வண்டித்தடங்கள்தான் என் பாதை. மழைக்காலத்தில் தண்ணீர் செம்மண்ணை அறுத்துக்கொண்டு ஓடுவதால் போன மாதம் இருந்த தடம் இந்த மாதம் இருக்காது. ஒருமுறை முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "தம்பி, அந்தாண்ட போவாத, ஓட வெட்டிக்கிச்சு" என்று கையைக் காட்டித் தடுத்தார். போய்ப் பார்த்தால் ஆள் உயரப் பள்ளம், விளிம்பு முழுக்கக் காய்ந்த முந்திரி இலை. ஜி.பி.எஸ். தடத்தை நம்பிப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் இலை உதிர்ந்து கிடக்கும்போது தரையில் என்ன இருக்கிறதென்றே தெரியாது; போதாக்குறைக்கு விழுந்து நசுங்கிய முந்திரிப்பழம் வேறு சோப்பு மாதிரி வழுக்கும். தை, மாசிதான் தங்கமான மாதங்கள். மண் இறுகியிருக்கும், வெயில் ஏறியிருக்காது, முந்திரி பூத்திருக்கும்.

இந்தச் செம்மண்ணுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. புவியியலாளர்கள் இந்தப் படிவுக்கு வைத்திருக்கும் பெயரே 'கடலூர் மணற்கல்'. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடைப்பதும், ஆரோவில் பக்கம் செம்மண் பள்ளத்தாக்காக அறுந்து கிடப்பதும், திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடைப்பதும் இதே படிவில்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செயினுக்கு மட்டும் இது எமன். இரும்புச் சத்தோடு சேர்ந்த பொடி மணல். எண்ணெய் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் போலத் தேய்க்கும். வண்டியோடு வந்த செயின், எதிர்பார்த்ததில் பாதி தூரத்துக்குள்ளேயே தேய்மான அளவுகோலில் 0.75 காட்டிவிட்டது, அதாவது முக்கால் சதவீதம் நீண்டுவிட்டது. அந்த அளவைத் தாண்டி ஓட்டினால் செயினோடு கேசட்டும் போய்விடும், செலவு மூன்று நான்கு மடங்காகும். அளவுகோல் சில நூறு ரூபாய்தான். செயின் வாங்குவதற்கு முன்பே அதை வாங்குங்கள்.

எண்ணெயை விட்டுவிட்டு மெழுகுக்கு மாறியது பெரிய மாற்றம். செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவி, காயவைத்து, உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுப்பது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று போய்விடும், வீட்டில் திட்டும் விழும், அது வேறு. ஆனால் மெழுகு காய்ந்த செயினில் தூசி ஒட்டுவதே இல்லை. இப்போது ஓடும் செயின் முதல் செயினைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஓடியும் இன்னும் 0.5-ஐத் தொடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் மெழுகு தாக்குப்பிடிக்காது. அந்த இரண்டு மாதமும் மழைக்கான 'வெட்' செயின் எண்ணெய், ஒவ்வொரு முறை ஓட்டியதும் துடைப்பு, அவ்வளவுதான்.

முள்ளைப் பற்றித் தனியாக ஒரு புராணமே பாடலாம். நெருஞ்சி, இலந்தை, சீமைக்கருவேலம். தோப்புக்கு வேலி அடைக்க வெட்டிப் போட்ட கருவேல மிலாறுகள் வழியெல்லாம் சிதறிக் கிடக்கும். டியூப் போட்டு ஓட்டிய காலத்தில் பஞ்சர் ஒட்டாமல் வீடு திரும்பிய நாளே குறைவு. டியூப்லெஸ்ஸுக்கு மாற்ற ரிம் டேப், வால்வு, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம் எல்லாம் சேர்த்து சுமார் 4,000 ரூபாய் ஆனது, டயர் தனி. இந்த வண்டிக்குச் செய்த செலவுகளில் பயன் தந்ததில் இதுதான் முதலிடம். நெருஞ்சி குத்தினால் இப்போதெல்லாம் தெரிவதுகூட இல்லை. கருவேல முள் குத்தினால் உடனே பிடுங்காதீர்கள். முள்ளே அடைப்பாக நிற்கும், வீட்டுக்கு வந்து நிதானமாகப் பிடுங்கிச் சக்கரத்தைச் சுற்றினால் சீலண்ட் அடைத்துக்கொள்ளும். ஒரே குறை, நம் வெயிலில் சீலண்ட் சீக்கிரம் உலர்கிறது. குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள் ஆறு மாதம் என்பார்கள். இங்கே கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வைத் திறந்து ஊற்ற வேண்டியிருக்கிறது. காற்றழுத்தம் முன்னால் 23, பின்னால் 26 பி.எஸ்.ஐ. வைக்கிறேன், என் எடை 70 கிலோவை ஒட்டி. செம்மணலில் அதற்கு மேல் ஏற்றினால் முன்சக்கரம் புதைந்து திரும்பிக்கொள்ளும்.

புதுச்சேரிப் பக்கம் போக நினைத்தால் பெண்ணையாற்றைக் கடந்து பாகூர். பெரிய ஏரி, அதன் கரைமேல் போகும் தடம், குளிர்காலத்தில் பறவைகள். மூலநாதர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. இந்த ஊரில் கிடைத்த, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் செப்பேடு, இங்கே இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. பெண்ணையாற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை பங்காரி, சிங்காரி என்று இரண்டு பெண்கள் வெட்டியதாக ஊரில் சொல்வார்கள். வாய்க்கால் கரையில் கார் போகாது, மோட்டார் பைக் போனாலும் தடுமாறும். சைக்கிளுக்கு அளவெடுத்துச் செய்த பாதை. இந்த இடத்தில் ஃபோர்க்குக்கு வேலையே இல்லை, அமுங்காதபடி லாக் பண்ணிவிட்டுத்தான் மிதிப்பேன்.

போகிற வழியில் குண்டு உப்பலவாடி என்றொரு ஊர் இருக்கிறது. 1690-ல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் தங்களுக்கு என்று ஒப்பந்தம். அப்படிச் சேர்ந்த கிராமங்களின் நினைவுதான் பெயரில் ஒட்டியிருக்கும் குண்டு. கடலூரில் குண்டு சாலையும் இருக்கிறது. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. பெரிய எதிர்பார்ப்போடு போகாதீர்கள், மிஞ்சியிருப்பது கொஞ்சம் இடிபாடுதான். கோட்டைப் பக்கம் போனால் சைக்கிளை மணலில் இறக்காதீர்கள் என்பது என் கெஞ்சல். உப்புதான் நான் சொன்ன மூன்றில் மோசமானது. கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, வீட்டுக்குள் நிறுத்தினாலும் போல்ட் தலைகள், ஸ்போக் நிப்பிள், கேபிள் முனை எல்லாம் ஒரு வருடத்தில் துருப்பிடிக்கத் தொடங்கின. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினேன். பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் கிறீச்சிட்டபோது ஒரு கடையில் "ஃபிரேமே விரிசல் சார்" என்று பயமுறுத்தினார்கள். வேறொரு மெக்கானிக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டியதும் சத்தம் நின்றது.

பிரேக் பேட் பற்றி ஒரு வார்த்தை. ரெசின் பேட் செம்மண் சேற்றில் வெண்ணெயாகக் கரைந்துபோகும். உலோகத் துகள் கலந்த பேட் மாற்றினால் நீண்ட நாள் வரும், சத்தம் கொஞ்சம் கூடும். ஆனால் டிஸ்க்கின் மேலேயே 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருந்தால் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

திருவக்கரை பாதை பாதி நல்லது, பாதி நரகம். புதுச்சேரியிலிருந்து 30 கி.மீ. இருக்கும். சங்கராபரணி ஆற்றங்கரை வரை அருமையாகப் போகும். அப்புறம் கல்குவாரி லாரிகள், தூசி, ஹார்ன். சந்திரமௌலீஸ்வரர் கோயிலில் செம்பியன் மாதேவியின் திருப்பணி இருக்கிறது. கூட்டமெல்லாம் வக்கிரகாளியம்மனுக்குத்தான், அதுவும் பௌர்ணமியில். பக்கத்தில் கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள், வளையம்கூடத் தெரிகிற மாதிரி கல்லாகிக் கிடக்கின்றன. சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். கல்மரத்துண்டு எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அது குற்றம்.

செஞ்சிக்கு சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டுதான் போவோம். வழியிலேயே மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, ஈஸ்வரன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்ததாக விசித்திரசித்தன் என்கிற மகேந்திரவர்மன் கல்வெட்டில் சொல்லிக்கொள்ளும் குடைவரை. இறங்கிப் பார்க்க அரை மணி நேரம் போதும், பார்க்காமல் போகக் கூடாது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில், மராத்தியரின் ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் சேர்ந்தது. கோட்டைக்குள் சைக்கிளுக்கு வேலையில்லை. சுற்றியுள்ள கிராமங்களில்தான் சுகம். சிறுகடம்பூர் பக்கம் திருநாதர்குன்று, ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், பக்கத்தில் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு. மேல்சித்தாமூரில் இன்றும் சமண மடம் இயங்குகிறது. ஒரு டீக்கடைப் பெரியவர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்டாண்டு இல்ல, கேரியரும் இல்ல, இதுக்கா இவ்ளோ காசு?" என்றார். விலையில் பாதியைத்தான் சொல்லியிருந்தேன்.

இந்தக் குன்றுகளின் அடிவாரத் தடங்களில்தான் ஃபோர்க் முதல்முறையாகச் சம்பளத்துக்கு வேலை செய்தது. கருங்கல் உருண்டைகள், வேர்கள், திடீர் இறக்கம். உடனே அதன் குறையும் தெரிந்தது. காயில் ஸ்பிரிங்கை என் எடைக்குச் சரிசெய்ய வழியில்லை. வேகமாக இறங்கினால் முட்டி நிற்கிறது. கடலோர ஈரத்தில், ஃபோர்க்குக்குள் ஏறி இறங்கும் ஸ்டாஞ்சன் குழாயின் முலாம் புள்ளி புள்ளியாக உரிய ஆரம்பித்து, அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் வளையத்தையும் கிழித்துவிட்டது. சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை.

கடலூர், புதுச்சேரி எல்லைக்குள் மட்டும் ஓட்டுகிறவராக இருந்தால் இந்த ஃபோர்க்குக்குப் பதில் ஸ்பிரிங்கே இல்லாத கெட்டி ஃபோர்க் மாட்டிக்கொள்ளலாம் என்பேன். எடை குறையும், துருப்பிடிக்கவும் கழற்றிக் கழுவவும் அதில் ஒன்றுமில்லை. மிச்சப் பணத்தில் நல்ல டயர் ஒரு ஜோடி. எனக்குச் செஞ்சியை விட மனசில்லை. ஆகவே எடைக்கு ஏற்பக் காற்றை ஏற்றி இறக்கிக்கொள்ளும் ஏர் ஃபோர்க்குக்குக் காசு சேர்க்கிறேன், வண்டி விலையில் பாதி ஆகும்போலிருக்கிறது. அதுவரை பழையதை லாக் பண்ணிய நிலையிலேயே முந்திரித் தோப்பில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.