மூணு பசங்க, ஒரே டப்பா: க்யூசனேர் ராட்ஸ் ரிவ்யூ

ஹோம்ஸ்கூலிங்க்குன்னு விக்கிற சாமான்ல முக்காவாசி ஒரே ஒரு குழந்தைய மனசுல வச்சு செஞ்சதுதாங்க. ஒண்ணாங்கிளாஸ் கிட், ரெண்டாங்கிளாஸ் கிட், ஒவ்வொண்ணுக்கும் தனி புக்கு, தனி ஸ்டிக்கர். வீட்ல எட்டு வயசு, ஆறு வயசு, மூணே முக்கால்னு மூணு பேர் இருந்தா மூணு கிட் வாங்கி மூணு தடவ பாடம் நடத்தணும், ஒருத்திக்கு சொல்லிக் கொடுக்கும்போது மத்த ரெண்டு பேரும் சோஃபா மேல ஏறி குதிச்சிட்டு இருப்பாங்க. அதனால எது வாங்கினாலும் நான் முதல்ல கேக்குறது ஒண்ணுதான், இத மூணு பேரும் ஒரே மேசைல ஒரே நேரத்துல அவங்கவங்க லெவல்ல வச்சுக்க முடியுமா? அதுக்கு யோசிக்காம ஆமான்னு சொல்ல வச்ச பொருள் எங்க வீட்ல ரொம்ப கம்மி. அதுல முதல் இடம் க்யூசனேர் ராட்ஸ்க்குதான்.

தெரியாதவங்களுக்கு, இது பத்து நீளத்துல இருக்குற கலர் குச்சிங்க. சின்னது 1 செ.மீ. வெள்ளை, பெருசு 10 செ.மீ. ஆரஞ்சு. நடுவுல சிவப்பு 2, இளம்பச்சை 3, ஊதா 4, மஞ்சள் 5, கரும்பச்சை 6, கருப்பு 7, பழுப்பு 8, நீலம் 9. குச்சி மேல நம்பரும் இல்ல, கோடும் இல்ல, அவ்ளோதான் பொருள். பெல்ஜியத்துல துவேன்ங்கிற ஊர்ல வாத்தியாரா இருந்த ஜார்ஜ் க்யூசனேர் கண்டுபிடிச்சது, 1950கள்ல காலெப் கட்டேனோங்கிற கணக்கு ஆசிரியர் இதப் பாத்துட்டு ஊர் ஊரா, நாடு நாடா எடுத்துட்டுப் போயி பரப்பினாரு. இப்ப பல கம்பெனிங்க மரத்துலயும் ப்ளாஸ்டிக்லயும் செய்யுறாங்க, அளவு பெரும்பாலும் ஒண்ணுதான்.

நம்பர் போடலயேன்னு முதல்ல பாக்குறவங்க குறை சொல்வாங்க, ஆனா இதோட உயிரே அதுலதான் இருக்கு. மஞ்சள்ல 5னு எழுதி இருந்தா அது எப்பவும் 5 மட்டும்தான். எழுதாததால நம்ம இஷ்டம். இன்னைக்கு ஆரஞ்சு குச்சிய 'ஒண்ணு'ன்னு வச்சுக்கிட்டா மஞ்சள் பாதி, சிவப்பு அஞ்சுல ஒரு பங்கு. கரும்பச்சைய ஒண்ணுன்னு வச்சா இளம்பச்சை பாதி, சிவப்பு மூணுல ஒரு பங்கு, வெள்ளை ஆறுல ஒரு பங்கு. பாதியும் மூணுல ஒரு பங்கும் சேந்தா எவ்ளோன்னு கேட்டா பெரியவ இளம்பச்சையும் சிவப்பையும் ஒட்டி வச்சா, பக்கத்துல மஞ்சள வச்சா, சரியா இருந்துச்சு, மஞ்சள்ல அஞ்சு வெள்ளை, அதனால ஆறுல அஞ்சு பங்குன்னு சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டா. பகுதி, தொகுதின்னு ஒரு வார்த்தை நான் பேசல. அதே நேரத்துல நடுவுல இருக்கவன் அதே குவியல்லேர்ந்து குச்சி எடுத்து பத்துக்கு ஜோடி தேடிட்டு இருக்கான், குட்டி ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் படிக்கட்டு கட்டி அது மேல விரல ஏத்தி எறக்கிட்டு இருக்கா. மூணு பேரும் படிக்கிறாங்க, மூணு பேருக்கும் அது விளையாட்டு, எனக்கு ஒரு டீ குடிக்க நேரம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், ஆர்வம். சின்னப் பசங்களுக்கு வீட்ல சொல்லிக் குடுக்குறதுல பாடம் கஷ்டமே இல்லைங்க, உக்கார வைக்கிறதுதான் கஷ்டம். அதுக்குன்னே நட்சத்திர சார்ட்டு, பாயின்ட் கார்டு, பரிசுப் பெட்டின்னு ஒரு பெரிய மார்க்கெட் இருக்கு. நான் அதுக்கு ஆதரவு இல்ல. 1973ல மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட்னு மூணு பேர் நர்சரிப் பசங்கள வச்சு செஞ்ச ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. வரையுறதுல ஏற்கனவே ஆசை இருக்குற பசங்கள எடுத்து, கொஞ்சப் பேர்கிட்ட மட்டும் வரைஞ்சா சர்டிபிகேட் தருவோம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. அப்புறம் சில நாள் கழிச்சு பேனாவ சும்மா வச்சுட்டு கவனிச்சா, அந்தப் பசங்கதான் மத்தவங்கள விட கம்மி நேரம் வரைஞ்சாங்க. சொல்லாம கொள்ளாம திடீர்னு பரிசு குடுத்த பசங்களுக்கு அந்த மாதிரி ஆகல. பிள்ளைக்கு ஏற்கனவே புடிச்ச வேலைக்குப் போயி கூலி பேசுனா அது வேலையாவே ஆயிடுது. மூணு பசங்க இருக்குற வீட்ல இன்னொரு தொல்லை, யாருக்கு எத்தன நட்சத்திரம்னு எண்ணி சண்ட போடுறதுலயே பாதி நாள் போயிடும்.

இந்தக் குச்சில ஆர்வம் எங்கேர்ந்து வருதுன்னு கொஞ்ச நாள் கவனிச்சுப் பாத்தேன். எனக்குப் பட்டது, தப்ப யாரும் சொல்ல வேண்டியதில்ல. எங்க நடுப் பையன் ஒர்க்ஷீட்ல ஒரு தப்பு வந்தாலே பென்சில வீசுற ஆளு. இதுல ஏழும் ரெண்டும் பத்துன்னு வச்சான்னா ஆரஞ்சு பக்கத்துல ஒரு வெள்ளை அளவுக்கு இடம் காலியா நிக்கும். அவனே பாப்பான், அவனே சிவப்ப எடுத்துட்டு இளம்பச்சைய வைப்பான். நான் வாயத் தொறக்கல, அக்கா சிரிக்கல, அழுகை இல்ல. அந்த ஒரு காரணத்துக்காகவே டப்பாவோட காசு எனக்கு வசூல் ஆயிடுச்சு.

இன்னொண்ணு, பெரிய பிள்ளைக்கும் சின்னப் பிள்ளைக்கும் நடுவுல போட்டி வராத மாதிரி ஆட்டம் வைக்கலாம். கைய பின்னாடி வச்சுக்கச் சொல்லி ஒரு குச்சிய குடுத்து, தடவிப் பாத்து கலர் சொல்லுன்னு கேக்குறது எங்க வீட்ல சூப்பர் ஹிட். இதுல எட்டு வயசுக்கு பெருசா ஒண்ணும் அனுகூலம் இல்ல, குட்டி அடிக்கடி ஜெயிப்பா. கேள்வி கேக்குற வேலைய பெரியவகிட்ட குடுத்துட்டா இன்னும் நல்லது, அவளுக்கு டீச்சர் ஆன பெருமை, பதில முந்திச் சொல்ற பழக்கமும் தானா அடங்கிடும்.

சரி, அஞ்சு அளவு ரயில் எத்தன விதமா கட்டலாம்ங்கிற கேள்விய தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா இதுல டப்பாவோட குறையும் சேந்து வெளிய வந்துச்சு. மஞ்சள் குச்சி நீளத்துக்கு சமமா குச்சிங்கள வரிசையா ஒட்டணும், அதுதான் ரயில். ஒண்ணும் நாலும் வேற, நாலும் ஒண்ணும் வேற, மஞ்சள் மட்டும் தனியா நின்னாலும் அது ஒரு ரயில். மூணுக்கு 4 விதம் வரும், நாலுக்கு 8, அஞ்சுக்கு 16. ஒவ்வொரு தடவையும் ரெட்டிப்பு ஆகுதுன்னு கண்டுபிடிச்சதும் பெரியவ ஆறுக்கு 32ன்னு கட்டாமலே சொல்லிட்டா, அவ தம்பி அத நம்பாம கட்ட ஆரம்பிச்சுட்டான். ஆனா ஒரே செட்ட வச்சுக்கிட்டு அஞ்சோட 16 ரயிலையும் ஒண்ணா மேசைல நிறுத்த முடியாது, எண்ணிப் பாருங்க. சிவப்பு 12 வேணும், வழக்கமான 74 குச்சி செட்ல சிவப்பு சரியா 12தான் இருக்கு. வெள்ளை 28 வேணும், இருக்குறது 22. ஆறு குறையுது! நாங்க 1 செ.மீ. கட்டம் போட்ட நோட்டுல மிச்ச ரயில வரைஞ்சு கலர் அடிச்சு சமாளிச்சோம், குச்சியும் கட்டமும் ஒரே அளவுங்கறதால அது இன்னும் நல்லாவே இருந்துச்சு.

அந்த 74ல மஞ்சள்லேர்ந்து ஆரஞ்சு வரைக்கும் ஒவ்வொரு கலர்லயும் நாலே நாலுதான், ஊதா ஆறு, இளம்பச்சை பத்து. ஆறு ஊதாவ பக்கம் பக்கமா அடுக்கி, அது மேல நாலு கரும்பச்சைய குறுக்க வச்சா அச்சு பிசகாம மூடிக்கும், ஆறு நாலும் நாலு ஆறும் ஒண்ணுதான்னு கண்ணால பாத்துடலாம், அதுக்கு ஒரு செட் சரியா போதும். ஆனா ஏழேழு கட்டணும்னா கருப்பு ஏழு வேணுமே, அங்க டப்பா கைய விரிச்சிடும். மூணு பசங்கன்னா ரெண்டு செட் வாங்குங்க, யோசிக்கவே வேணாம்.

குறைன்னு பாத்தா வேறயும் இருக்கு. வெள்ளைக் குச்சி ஒரு சென்டிமீட்டர் கட்டை, மூணு வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா வாய்ல போட்டு தொண்டைல சிக்கிக்கும், அந்த வயசுல ஒண்ணு தரையில தவழுதுன்னா இத தள்ளியே வைங்க, இல்லன்னா மேசைக்கு மேல மட்டும்னு கறாரா இருங்க. சோஃபாவுக்கு அடியிலதான் வெள்ளைக்கெல்லாம் வீடு. ப்ளாஸ்டிக் குச்சி டைல்ஸ் தரைல கொட்டுனா வர்ற சத்தம் சொல்லி மாளாது, ஒரு துண்டோ பாயோ விரிச்சு அது மேல வைக்கச் சொல்லுங்க. டப்பாவோட வந்த துண்டுப் பேப்பர்ல உபயோகமா ஒண்ணும் இல்ல, கூட உக்காந்து கேள்வி போட ஒரு பெரியவங்க இல்லன்னா இது வெறும் வீடு கட்டுற கட்டைதான். ஆரம்பத்துல கொஞ்ச நாள் அப்படி வீடு கட்டியே விளையாட விடணும், அது வேற. அப்புறம் எழுதிப் போடுற கணக்கு, வாய்ப்பாடு மனப்பாடம் இதுக்கெல்லாம் தனியாத்தான் பழக்கணும், குச்சி புரிய வைக்கும், வேகம் வராது. வாசிக்கப் பழகுறதுக்கு இதால சுத்தமா உதவி கிடையாது, அதுக்கு நான் தேடிட்டே இருக்கேன்.

எவ்ளோ நேரம்னு கேட்டா, போதும்னு அவங்க சொல்றதுக்கு முன்னாடி நான் டப்பாவ மூடிடுவேன். இன்னும் ஒரே ஒரு ரயில்னு கெஞ்சும்போது மூடுறதுல கொஞ்சம் அல்ப சந்தோஷம் இருக்கத்தான் செய்யுது, மறுநாள் கூப்பிடாமலே வந்து உக்காருவாங்க. இழுத்துட்டே போயி கொட்டாவி விட வச்சுட்டா அடுத்த நாள் டப்பாவ பாத்தாலே ஓடுவாங்க.

வாங்குறவங்களுக்கு: மரம் கைக்கு நல்லா இருக்கு, சத்தமும் கம்மி, ப்ளாஸ்டிக் கழுவலாம், எச்சி வைக்கிற வயசுக்கு அது தேவலை. ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்குற டைப்பும் வருது, அதுல நடுநடுவுல கோடு இருந்தா பசங்க நீளத்தப் பாக்காம ஒண்ணு ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சிடுவாங்க, அதனால கோடில்லாத சாதா குச்சியே எடுங்க. கலர் வரிசை நான் மேல சொன்னது மாதிரி இருக்கான்னு படத்துல பாத்துக்கோங்க, சில செட்ல மாத்தி அடிச்சிருக்காங்க, ரெண்டாவது செட் வாங்கும்போது ரெண்டும் ஒத்துப் போகலன்னா வீட்ல பஞ்சாயத்துதான்.