மைலேஜுக்கு எந்த ஆயில்: 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40

எஞ்சினுக்குச் ‘சிந்தெடிக் (செயற்கை) ஆயில் ஊற்று, மைலேஜ் கூடும்’ என்ற பேச்சு பாதிதான் சரி. டப்பாவில் இருக்கும் இரண்டு எண்களில் பின்னால் வருவதைப் பாருங்கள் (5டபிள்யூ-30 என்றால் 30). வண்டி சூடேறிய பிறகு ஆயிலால் கூடும் பெட்ரோல் செலவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான்.

100 டிகிரி செல்சியஸில் 20 கிரேடின் பாகுத்தன்மை (எவ்வளவு திக்காக இருக்கிறது என்ற அளவு) 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் வரை இருக்கும். 30 கிரேடு 12.5 வரையும், 40 கிரேடு 16.3 வரையும் போகும். ஆயில் திக்காக இருந்தால் அதைத் தள்ளவும் கிழித்துக்கொண்டு சுழலவும் கிராங்குக்கு (எஞ்சினின் சுழலும் தண்டுக்கு) கூடுதல் சக்தி வேண்டும். அந்தச் சக்தி எரிபொருளிலிருந்துதான் வரவேண்டும்.

எவ்வளவு மிச்சம்? 5டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினில் 5டபிள்யூ-30 ஊற்றினால் மைலேஜ் 1 முதல் 1.5 சதவீதம் குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார் 10,000 கிலோமீட்டர் ஓட சுமார் 555 லிட்டர் குடிக்கும். அதில் ஒன்றரை சதவீதம் என்றால் 8 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு ஆயில் மாற்றத்திலிருந்து அடுத்ததற்குள் கிடைக்கும் லாபம் ஏறத்தாழ அவ்வளவுதான். ‘லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கூடியது’ என்று யாராவது சொன்னால், அதே நாளில் டயர் காற்றும் ஏர் ஃபில்டரும் சரிசெய்யப்பட்டனவா என்று கேளுங்கள்.

இனி, பலர் கவனிக்காத விஷயம். ஒரே 5டபிள்யூ-30 என்று எழுதிய இரண்டு டப்பாக்கள் ஒரே மைலேஜ் தர வேண்டியதில்லை. பேரிங்கின் மெல்லிய இடுக்கில் ஆயில் அதிவேகமாகக் கிழிபடும்போது எவ்வளவு திக்காக நிற்கிறது என்பதை 150 டிகிரியில் அளப்பார்கள். அதன் பெயர் எச்.டி.எச்.எஸ். ஏசிஇஏ (ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கம்) தரத்தில் ஏ5/பி5 ஆயிலுக்கு அது 2.9 முதல் 3.5 மில்லிபாஸ்கல்-விநாடி வரை, சி3 ஆயிலுக்கு 3.5-க்குக் குறையக் கூடாது. முதலாவது எரிபொருளை மிச்சப்படுத்தும். இரண்டாவது தடிமனான படலம் தந்து, சுமையோடு ஓடும் எஞ்சினைக் காக்கும். டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்காமல் இந்த வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் எல்லா வண்டிக்கும் 0டபிள்யூ-20 ஊற்றிவிடலாமா? கூடவே கூடாது. 15டபிள்யூ-40-க்கு வடிவமைத்த பேரிங் இடைவெளியில் அந்த மெல்லிய படலம் அறுந்து உலோகமும் உலோகமும் உரசலாம். சூடான எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்குவது இதற்கு ஓர் அறிகுறி. எதிர்த்திசையிலும் இதே கதைதான். 0டபிள்யூ-20 எஞ்சினில் 15டபிள்யூ-40 ஊற்றினால், ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வேரியபிள் வால்வ் டைமிங் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) மந்தமாகலாம். சத்தம் குறைந்ததால் எஞ்சின் ‘ஸ்மூத்’ ஆகிவிட்டது என்று தோன்றும், மைலேஜோ குறைந்துகொண்டிருக்கும்.

மினரலா சிந்தெடிக்கா என்பது அடுத்த கேள்வி. ஒரே கிரேடாக இருந்தால் சூடான எஞ்சினில் பெரிய வித்தியாசம் இல்லை. நாலைந்து கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் வண்டிக்குத்தான், ஆறிய நிலையில் அவ்வளவு திக்காகாத சிந்தெடிக் கைகொடுக்கும்: கூலன்ட்டைவிட ஆயில் தாமதமாகவே சூடாகும், அதற்குள் பயணமே முடிந்துவிடும். கிரேடு கெடாமல் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பதும் அதுதான்.

டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசல் காரில் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம். மற்றதன் சாம்பல் ஃபில்டரில் தங்கிவிடும், கரியை எரித்து ஃபில்டரைச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷனில் எரியாது. அடைப்பு கூடக்கூட டீசல் செலவும் கூடும்.

எந்த ஆயிலானாலும் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். அளவு மிகவும் கூடினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், வாங்கிய மைலேஜ் அங்கேயே போய்விடும்.

சோதித்துப் பார்க்க நினைத்தால், மாற்றும் முன் மூன்று டேங்க், மாற்றிய பின் மூன்று டேங்க் கணக்கெடுங்கள். ஒரே பம்பில், முதல் கட்-ஆஃபோடு நிறுத்துங்கள். டயர் காற்றை வண்டி ஆறியிருக்கும்போது ஒரே அளவில் வையுங்கள். கருத்துப்போன பழைய ஆயிலோடு புது ஆயிலை ஒப்பிட்டால் கிரேடின் பலன் தெரியாது. இரண்டு கிரேடையும் புதிதாக ஊற்றிய நிலையில்தான் ஒப்பிட வேண்டும்.