பட்டியா, வெல்டிங்கா?

எங்கள் பழைய மாருதி 800-ல் கதவுக்குக் கீழே துருப்பிடித்த இடத்தில் திருப்புளியை வைத்ததும் பொதுக்கென்று உள்ளே போனது. மதுரை டிங்கரிங் பட்டறையில் இரண்டு வழி சொன்னார்கள்.

ஓட்டையை அடைத்துப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசினால் ஒரே நாள், செலவும் கம்மி. ஆனால் பட்டி ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி மழை முடிந்ததும் பெயிண்ட் கொப்புளிக்கும். விற்கப்போகிற வண்டிக்கு ஆகும் (வாங்குகிறவர் காந்தம் கொண்டுவராத வரை; பட்டியில் அது ஒட்டாது!).

நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, 20 கேஜ் (சுமார் 0.9 மி.மீ. தடிமன்) தகடு பற்றவைப்பது மெதுவான வேலை. ஒரே இழுப்பாக வைத்தால் சூட்டில் நெளிந்துவிடும். புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றித்தான் வைக்க வேண்டும். உள்பக்கமும் பிரைமர் அடிக்கச் சொல்லி நின்று பாருங்கள்.

பானெட்டில் ஓட்டை விழாத சின்னத் துரு என்றால் சுரண்டிவிட்டுப் பட்டியே போதும். வண்டியின் தரைக்கும் கதவடிக்கும் நான் வெல்டிங்தான்.