நர்ஸ் யாராவது கூட இருந்தா கண்டிப்பா போங்க: லண்டன் நைட்டிங்கேல் மியூசியம்

பிக் பென் பார்த்துட்டு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைத் தாண்டினா எதிர்ல செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி, அந்த காம்பவுண்டுக்குள்ளயே ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் மியூசியம் இருக்கு. சின்ன இடம்தான், சீக்கிரம் சுத்தி முடிச்சிடலாம், ஆனா நான் கூட்டிட்டுப் போனது ஸ்டாஃப் நர்ஸா இருக்கற எங்க அக்காவை, கிளப்பறதே பெரும்பாடாயிடுச்சு.

முதல்ல விளக்கு. நம்ம ஊரு நர்சிங் காலேஜ் லேம்ப் லைட்டிங்ல அலாவுதீன் விளக்கு மாதிரி ஒண்ணு காட்டுவாங்களே, அது இல்லைங்க. இங்க வெச்சிருக்கறது மடக்கற டைப் துருக்கி லாந்தர், உள்ள மெழுகுவர்த்தி வைக்கறது. அக்கா பார்த்துட்டு "அடப்பாவிங்களா, இத்தனை வருஷம் தப்பான விளக்கையா ஏத்திட்டிருந்தோம்"னு ஒரே சிரிப்பு.

ஆந்தை ஒண்ணும் இருக்கு, பாடம் பண்ணினது, பேரு அதீனா. 1850ல ஏதென்ஸ்ல இருந்து நைட்டிங்கேல் அம்மா எடுத்து வளர்த்தது, பாக்கெட்லயே வெச்சுட்டு சுத்துவாங்களாம், 1854ல கிரிமியா போருக்கு (ரஷ்யாவோட பிரிட்டன் போட்ட சண்டை) கிளம்பற நேரத்துல செத்துடுச்சு. குழந்தைங்களுக்கு இதுதான் ஹைலைட்.

எனக்குப் பிடிச்சது வேற. 38 நர்ஸுங்களோட 1854 நவம்பர்ல ஸ்கூட்டாரி போறாங்க, இஸ்தான்புல்லுக்கு எதிர் கரை, பட்டாளத்து பாரக்ஸைத்தான் ஆஸ்பத்திரியா மாத்தியிருக்காங்க, கீழ சாக்கடை அடைச்சுக் கிடக்கு. இவங்க போனதும் எல்லாம் சரியாயிடலை, அந்தக் குளிர்காலத்துலதான் சாவு உச்சத்துக்குப் போச்சு, அதுவும் குண்டடிபட்டு செத்தவங்களை விட பேதி, காலரா, காய்ச்சல்னு போனவங்கதான் ஜாஸ்தி. 1855 மார்ச்ல சுகாதார கமிஷன் வந்து சாக்கடையைக் கழுவின பிறகுதான் மளமளன்னு குறைஞ்சுது. இங்கிலாந்து திரும்பினதும் வில்லியம் ஃபார்ங்கற புள்ளியியல்காரரோட உட்கார்ந்து கணக்கைக் கிளறினப்பதான் அந்தம்மாவுக்கே இது முழுசா உறைச்சுது, 1858ல கலர் கலரா வரைபடம் போட்டு, தடுத்திருக்கக்கூடிய சாவு இவ்வளவுன்னு கவர்மென்ட் மூஞ்சிக்கு நேரா காட்டிட்டாங்க. விளக்கு தூக்கின தேவதைன்னு பாடப்புத்தகத்துல படிச்சதை விட இந்தக் கணக்குப்புள்ள நைட்டிங்கேல்தான் எனக்கு பெரிய ஆளா தெரியறாங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி எந்தெந்த நாள் திறந்திருக்கும்னு வெப்சைட்ல பார்த்துக்கோங்க. வெளிய வந்ததும் அப்படியே ஓடிடாதீங்க, ஆஸ்பத்திரி தோட்டத்துல மேரி சீகோல் சிலை இருக்கு, 2016ல வெச்சது. ஜமைக்காக்காரங்க, அதே போருக்கு நர்ஸா சேர்த்துக்கோங்கன்னு கேட்டு முடியாதுன்னு அனுப்பினதும் சொந்த செலவுலயே கிரிமியா போயிட்டாங்க. இதுக்கு டிக்கெட் கிடையாது.