அட்டாமிக் 4: ஓடினால் தங்கம், ஓடாவிட்டால் தண்ணீர்

நண்பர் ஒருவர் 1970-களில் கட்டிய பியர்சன் 30 பாய்மரப் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். விலை மலிவு. உள்ளே அட்டாமிக் 4 பெட்ரோல் எஞ்சின். "உங்களிடமும் அதுதானே இருக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்டார். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டார். போன வாரம்தான் பட்டறைக்குப் பணம் கட்டிவிட்டு வந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு சிலிண்டர் என்பதால் உதறலே தெரியாது. அந்தக் காலத்து ஒற்றை சிலிண்டர் டீசல் படகில் ஏறிப் பாருங்கள், மேசையில் வைத்த தம்ளர் தானாக நகரும். இதில் எஞ்சின் ஓடும்போதே சாதாரணக் குரலில் பேசலாம். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஆகஸ்ட் மாதம் காற்று செத்துப்போகும்போதெல்லாம் என்னைக் கரை சேர்த்தது இதுதான். விஸ்கான்சினின் ஆஷ்கோஷ் நகரில் இதைச் செய்த யுனிவர்சல் கம்பெனி 1980-களின் நடுவிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் கார்புரேட்டர் கிட், தண்ணீர் பம்ப், கேஸ்கெட் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தேங்கும். அதனால் ஸ்டார்ட் செய்யுமுன் நான்கு நிமிடம் புளோயர், அதாவது அந்த ஆவியை வெளியே இழுக்கும் விசிறி, ஓட வேண்டும், மோந்தும் பார்க்க வேண்டும். எல்லோரும் இதைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். சரி, அது பழகிவிடும்.

என்னால் பொறுக்க முடியாதது தண்ணீர்தான். எஞ்சின் பற்றினாலும் பற்றாவிட்டாலும், ஸ்டார்ட்டர் சுழலும்போதெல்லாம் பம்ப் எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த நீர் கடைசியில் புகைக்குழாயில் உள்ள மஃப்ளருக்குத்தான் போகும். அதை வெளியே தள்ளப் புகை வேண்டும். எஞ்சின் பற்றாதவரை புகை ஏது? மஃப்ளர் நிரம்பி, தண்ணீர் பின்வாங்கி, எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள்ளேயே இறங்கிவிடும். அதனால் சட்டென்று பற்றாவிட்டால் கடல்நீர் உள்ளே வரும் வால்வை, அதாவது சீகாக்கை, மூடிவிட்டுத்தான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும், பற்றிய கையோடு திறந்துவிட வேண்டும். பட்டறைப் பையன் மூடாமல் சுழற்றிக்கொண்டே இருந்திருக்கிறான். ஆயில் அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவினால், ஆயில் தண்ணீர் கலந்து பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு துருப்பிடித்துப் பாதி திறந்தபடி நிற்கிறது. எண்ணெய் விட்டு, மெதுவாகத் தட்டி இறக்கி, எஞ்சினைக் கையால் சுற்றி மேலே ஏற்றி, மறுபடி தட்டி இறக்கி... இதற்கும் பில் என் தலையில்தான்.

நியாயமாகப் பார்த்தால் இது எஞ்சினின் குற்றமில்லை. இந்த மாதிரி மஃப்ளர் இருந்தால் டீசலிலும் நடக்கும். ஆனால் டீசலில் தீப்பொறிக்கான பாயிண்ட் இல்லை, காயில் இல்லை, காற்றைக் குறைக்கும் சோக்கும் இல்லை. ஈரக் காலையில் முரண்டு பிடிப்பது அட்டாமிக் 4-தான், அதனால் அதிக நேரம் சுழற்ற வேண்டியிருப்பதும் இதைத்தான். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றினால் பாதித் தொல்லை தீரும் என்கிறார்கள். மாற்றியாயிற்று. பாதி தீர்ந்தது உண்மைதான்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். டீசல் போட்ட படகாகப் பாருங்கள். நான் ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், டீசலுக்குக் கேட்கிற விலையில் இன்னொரு பழைய படகே வாங்கிவிடலாம். அதோடு எனக்கு இதன் சத்தம் பிடித்திருக்கிறது.

இல்லை, வாங்கித்தான் தீருவேன் என்றால், விற்பவர் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க விடாதீர்கள். ஜில்லென்று இருக்கும்போது உங்கள் கண்முன்னே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன்பே டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிடுங்கள்.