நாக்கு நரம்புத் தூண்டி: நான்கு வருடம் கழித்து

தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறுக்காக, நாக்கை முன்னால் தள்ளி மூச்சுவழியைத் திறக்கும் நரம்புத் தூண்டியை உடம்புக்குள் வைத்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன், காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் முகமூடியோடு இரண்டு வருடம் போராடினேன். மாட்டிக்கொண்டுதான் படுப்பேன், விடியும்போது அது தரையில் கிடக்கும். முகமூடி ஒத்துப்போகிறவர்கள் அதிலேயே இருக்கலாம், கத்தி படவேண்டிய அவசியமே இல்லை.

இது எல்லோருக்கும் சரிப்படாது. மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியாகக் கேமரா விட்டு, தொண்டை எப்படி மூடுகிறது என்று பார்த்தார்கள். மெல்லண்ணம் (வாயின் மேல்பகுதியில் பின்னால் இருக்கும் மென்மையான தசை) நாலா பக்கமும் சுருங்கி வட்டமாக மூடினால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். எனக்கு முன்பின்னாக மூடியது.

வலது காறை எலும்புக்குக் கீழே கருவி, விலா எலும்புகளுக்கு நடுவே மூச்சை உணரும் கம்பி, தாடைக்கு அடியில் நாக்கு நரம்பைச் சுற்றி இன்னொரு கம்பி. ஒரு மாதம் ஆறவிட்டு அப்புறம்தான் ஆன் செய்தார்கள். நான் எதுவும் செய்யாமலே நாக்கு முன்னால் நகர்ந்து கீழ்ப்பல்லைத் தாண்டி நின்றது. வலி இல்லை. ஆனால் நம் நாக்கை வேறு யாரோ அசைப்பது மாதிரி இருந்தது.

உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பித்தது. வாரம் ஒரு படி வோல்ட்டைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினால் நல்லது என்று நினைத்துக் கடைசிப் படி வரை போய்விட்டேன். நாக்கின் ஓரம் பல்லில் உரசிப் புண்ணானது, நடுராத்திரியில் தூக்கம் கலைந்தது. 2014-இல் வெளியான, இந்தக் கருவி வைத்த 126 பேர் ஆய்வில், ஏஎச்ஐயின் (ஒரு மணி நேரத் தூக்கத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்) இடைநிலை அளவு ஒரு வருடத்தில் 29.3-லிருந்து 9.0-க்கு இறங்கியிருந்தது. எனக்கோ 41-லிருந்து 19-க்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. மனசு விட்டுப்போனது. கருவியே வீண் என்று முடிவுகட்டியிருப்பேன்.

இரண்டாவது முறை இரவு முழுக்கத் தூக்கப் பரிசோதனை செய்தபோது, மின்முனை அமைப்பை மாற்றி வோல்ட்டைக் குறைத்தார்கள். ஏஎச்ஐ 8-க்கு இறங்கியது. புண்ணும் ஆறியது.

இப்போது படுக்கும்போது ரிமோட்டை அழுத்துவேன், அரை மணி நேரம் கழித்துத்தான் துடிப்பு தொடங்கும். இரவில் எழுந்தால் நிறுத்திவைக்கும் பொத்தான் இருக்கிறது. பேட்டரி சுமார் 11 வருடம் வரும் என்கிறார்கள், அப்போது நெஞ்சில் இருக்கும் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் கருவி அட்டையைக் கட்டாயம் காட்டவேண்டும்.

யோசிப்பவர்கள் அறுவை மருத்துவரைப் பற்றி எவ்வளவு விசாரிக்கிறீர்களோ, அதே அளவு, ஆன் செய்த பிறகு அளவு சரிபார்ப்பது யார், எத்தனை முறை என்றும் கேட்டுவிடுங்கள். எனக்கு அதைக் கேட்கத் தோன்றாததால் எட்டு மாதம் போனது.