டெக்சாஸ், இல்லினாய், நியூயார்க்: கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல எங்கே என்ன சட்டம்?

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் தேவையில்லை. 21 வயது நிரம்பி, சட்டத்தடை ஏதும் இல்லாதிருந்தால் போதும். எச்1பி, எஃப்1 விசாக்காரர்கள் இதில் சேரமாட்டார்கள்; வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, மத்திய சட்டம் அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே தடுக்கிறது.

தேவையில்லை என்றாலும் லைசென்ஸை எடுத்துவிடுங்கள். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது மத்திய சட்டம். அந்தப் பள்ளி இருக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. ஊருக்குள் கார் ஓட்டினால் இந்த வட்டத்தைத் தொடாமல் போவது கடினம். துப்பாக்கி கூடாது என்று கடை வாசலில் வைக்கும் பலகைகளுக்கு டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்ணே பெயர். 30.05 பலகை மட்டும் இருந்தால் லைசென்ஸ்காரருக்கு சட்டப் பாதுகாப்பு உண்டு. அவரைத் தடுப்பது 30.06 பலகை. சிவப்பில் 51% என்று எழுதிய மதுக்கூடத்துக்குள் லைசென்ஸ் உள்ளவர், இல்லாதவர் இருவருமே துப்பாக்கியோடு போகக் கூடாது.

டெக்சாஸ் லைசென்ஸுக்கான சுடும் தேர்வில் 3, 7, 15 கஜ தூரத்தில் 50 தோட்டா. 250க்கு 175 புள்ளி எடுத்தால் தேர்ச்சி. வகுப்பு 4 முதல் 6 மணி நேரம், கட்டணம் 40 டாலர்.

இல்லினாயில் சுடுவது இதைவிட எளிது: 5, 7, 10 கஜத்தில் 30 தோட்டா, 21 பட்டால் போதும். ஆனால் வகுப்பு 16 மணி நேரம், கட்டணம் 150 டாலர், கூடவே ஃபாய்ட் (FOID) எனப்படும், துப்பாக்கி வைத்திருப்பவருக்கான மாநில அடையாள அட்டையும் வேண்டும். பேருந்து, ரயிலில் லைசென்ஸ் இருந்தாலும் தடைதான்.

நியூயார்க்தான் மிகக் கடினம். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் லைசென்ஸுக்குத் 'தக்க காரணம்' காட்டும் விதியை நீக்கியதும், செப்டம்பரிலேயே புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது: 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரத் துப்பாக்கிப் பயிற்சி, நன்னடத்தைக்கு நான்கு பேரின் சான்று. அதே மாநிலத்தின் பஃபலோ நகரில் வாங்கிய லைசென்ஸ்கூட, நகரக் காவல்துறையின் தனி ஒப்புதல் இல்லாமல் நியூயார்க் நகரில் செல்லாது.

டெக்சாஸ் லைசென்ஸை இந்த இரு மாநிலங்களுமே ஏற்பதில்லை. சொந்த மாநிலத்தில் அனுமதி உள்ள வெளியூர்க்காரர் காருக்குள் வைத்திருக்க இல்லினாய் விடுகிறது. இறங்கும்போது காரிலேயே பூட்டிவிட வேண்டும். நியூயார்க்கைக் கடந்துபோக 1986ஆம் ஆண்டு மத்திய சட்டம்தான் துணை: தோட்டா நீக்கிய துப்பாக்கி டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டி; கிளவ் பாக்ஸ் கணக்கில் வராது.

விமானப் பயணிகள் மாட்டுவதும் இந்த 1986 சட்டத்தில்தான். நியூ ஜெர்சியின் நெவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, துப்பாக்கி இருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் தங்கிய ஒருவர் மறுநாள் விமான நிலையத்தில் கைதானார். இரவு முழுக்கத் துப்பாக்கி கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. விமானம் தவறினால் பெட்டியைக் கையில் வாங்காதீர்கள். விமான நிறுவனமே வைத்திருக்கும்படி கேளுங்கள்.